ஒளி சுமந்து வரும் அன்னம்

திருவிழா நாட்களில் நம் கோயில்களில் இறைவன் எழுந்தருளும் வாகனங்களை எண்ணிப் பாருங்கள். சிங்கம், யானை, குதிரை ஆகியவற்றோடு பறவைகளுக்கும் அங்கே சிறப்பிடம் உண்டு. முருகனுக்கு மயில், திருமாலுக்குக் கருடன், மற்றோர் இரவில் அன்னம் என அவை முறையாக வரும். மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய அவ்வாகனங்கள் விழா முடிந்ததும் வாகன மண்டபத்துக்குத் திரும்பும். அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் வெளிவரும். பாட்டன் தோளில் சுமந்த அன்னத்தையே பேரனும் சுமப்பான்.

இதற்கு நேர்மாறான அன்னமும் ஒன்றுண்டு. அது ஆண்டுதோறும் புதிதாய்ப் பிறக்கிறது. ஓர் இரவு தீவட்டி ஒளியில் ஆடி நிற்கிறது. பின்னர் வாடி உதிர்ந்து மண்ணோடு கலக்கிறது. அடுத்த ஆண்டு ஊரார் கூடி மீண்டும் அதைக் கட்டுகிறார்கள். அந்த அன்னத்தைப் பற்றியும், அதைப் போன்ற ஒன்றைப் பெங்களூரில் வாழும் நம் குடும்பங்கள் ஏன் கட்ட வேண்டும், எவ்வாறு கட்டலாம் என்பது பற்றியும் இங்கே சிறிது காண்போம்.

நீலம்பேரூர் அன்னம்

பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் விரைவு வண்டியில் ஏறினால் மறுநாள் கோட்டயத்தையும் அதற்கு அப்பால் சங்கனாச்சேரியையும் அடையலாம். அப்பகுதிக்கு மேற்கே, வயலும் நீரும் கலந்து கிடக்கும் குட்டநாட்டின் ஓரத்தில், ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த நீலம்பேரூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பள்ளி பகவதி கோயிலில், திருவோணத்துக்கு மறுநாளாகிய அவிட்டத்தில் தொடங்கிப் பூர நட்சத்திரம் வரையில் பதினாறு நாட்கள் படையணி என்னும் விழா நடைபெறுகிறது. நிறைவு நாளாகிய பூரத்தின் இரவில், ஏறத்தாழ முப்பது அடி உயரமுள்ள பெரிய அன்னம் ஒன்று கோயில் திடலுக்கு எழுந்து வருகிறது. அதனைச் சூழ்ந்து சிறிய அன்னங்கள் பல வருகின்றன.

சேரமான் பெருமாள் அவ்வூருக்கு எழுந்தருளியபோது அவர் கண்டு மகிழ ஊரார் அன்னங்களைக் கட்டிக் காட்டினர் என்பது அங்கு வழங்கும் மரபு. திரௌபதி விரும்பிய கல்யாண சௌகந்திக மலரைத் தேடிச் சென்ற வீமன், மலையிடைப் பொய்கையில் கண்ட அன்னங்களே இவை என்று இன்னொரு கதையும் சொல்லப்படுகிறது. சேரனையும் வீமனையும் அறியாத தமிழ் இல்லம் ஏது? மொழி சற்றே திரிந்தாலும் கதை நம் வீட்டுக் கதையாகவே இருக்கிறது.

அந்த அன்னம் எதனால் ஆனது என்பதே நாம் கருத வேண்டியது. கமுக மரமும் கயிறும் அதன் எலும்பு. வாழைப் பட்டை அதன் வெண்ணிற மேனி. தாமரை இலை பச்சை நிறம் தருகிறது. நாம் வெட்சி என்றும் இட்லிப்பூ என்றும் சொல்லும் மலர் அங்கே தெச்சி எனப்படும். அதுவே சிவப்பு நிறம் தருவது. தென்னங் குருத்தோலை அணிகலன் ஆகிறது. ஊரின் தோட்டத்திலும் குளத்திலும் கிடைப்பவற்றைக் கொண்டே ஊரார் அன்னத்தை ஆக்கிவிடுகின்றனர். ஒளியும் அவ்வாறே. காய்ந்த தென்னை ஓலையைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொளுத்திய தீவட்டிகளை 'சூட்டு' என்கிறார்கள். அச்செந்தழலின் வெளிச்சம் வாழைப் பட்டையின் மீது அசைந்தாடும்போது, அசையாத அன்னமும் மூச்சு விடுவதாகத் தோன்றும்.

பெரிய அன்னம் ஊர் முழுமைக்கும் பொது. சிறிய அன்னங்களோ குடும்பங்களும் அன்பர்களும் வேண்டுதலாகக் கட்டிச் செலுத்துபவை. அவற்றைப் 'புத்தன் அன்னம்', அதாவது புதிய அன்னம் என்பர். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். சிறிய அன்னத்தைக் கட்டிப் பழகிய கையே பின்னொரு நாள் பெரிய அன்னத்துக்குக் கயிறு முடியும். விழாவே ஒரு பயிற்சிச் சாலையாக அமைந்துவிட்டது.

முப்பது அடி அன்னத்தை இரும்பிலோ மரத்திலோ ஒரே முறை செய்து வைத்துக் கொண்டால் ஆண்டுதோறும் படும் பாடு மிச்சமாகுமே என்று ஒருவர் கேட்கலாம். மிச்சமாகும் என்பது மெய்தான். ஆயின் இருபது ஆண்டுகளுக்குப் பின் அவ்வூரில் அன்னம் ஒன்று இருக்கும். அன்னம் கட்டத் தெரிந்தவர் ஒருவரும் இரார்.

மறந்த ஊரும் மீண்ட ஊரும்

கட்டுவதை ஓர் ஊர் நிறுத்திவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தொலைவான சப்பான் நாடு ஒரு சான்று தருகிறது. அந்நாட்டின் வடபகுதியில் அவோமோரி என்னும் மாநிலம் உள்ளது. அங்கே கோடைக் காலத்தில், மூங்கிலும் மரமும் கம்பியும் காகிதமும் கொண்டு பேருருவங்கள் அமைத்து, உள்ளே விளக்கேற்றித் தெருக்களில் இழுத்துச் செல்வது வழக்கம். அம்மாநிலத்துக் கோசோகவாரா என்னும் நகரில், ஒரு காலத்தில் இருபது மீட்டர் உயர உருவங்கள் வலம் வந்தன. பின்னர் நகருக்கு மின்சாரம் வந்தது. தெருக்களின் குறுக்கே கம்பிகள் ஓடின. கம்பிக்கு அடங்கி உருவங்கள் குறுகின. உயர்ந்த உருவங்களைக் கட்டும் வித்தை, கண்டவர் நினைவிலும் மங்கி மறைந்தது.

1993-ஆம் ஆண்டில் அந்நகரில் ஒரு வீட்டிலிருந்து பழைய வரைபடம் ஒன்று வெளிப்பட்டது. அதைத் துணைக்கொண்டு நகரமக்கள் முயன்றனர். 1996-இல், ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின், பேருருவம் மீண்டும் நிமிர்ந்தது. 1998 முதல் அது ஆண்டு விழாவாக நிலைபெற்றது. உருவத்துக்கு வழிவிட ஊர்வலத் தெருவின் மின்கம்பிகள் மண்ணுக்கு அடியில் புதைக்கப்பட்டன. இப்போது அங்கு வலம் வருபவை 23 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன.

ஒரு தாள் எங்கோ ஒரு வீட்டில் தப்பியிருந்தமையால் அந்நகரின் கலை பிழைத்தது. எல்லா ஊர்க்கும் அத்தகைய தாள் கிடைக்கும் என்று நம்பி இருத்தல் அறிவுடைமை ஆகாது.

அவோமோரி நகரிலேயே ஆகஸ்டு 2 முதல் 7 வரை நடைபெறும் விழா இன்னும் பெரிது. 1980-இல் அந்நாட்டு அரசு அதனைச் சிறப்பு வாய்ந்த நாட்டுப்புறப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. அங்கே உருவங்கள் ஒன்பது மீட்டர் அகலம் வரை விரிகின்றன. உயரமோ, வண்டியையும் சேர்த்து ஐந்து மீட்டருக்கு மேற்படுவதில்லை. அவர்கள் செய்யும் முறை எளிது. முதலில் படம் எழுதுவர். மரச் சட்டம் நாட்டிக் கம்பியால் வடிவம் வளைப்பர். உள்ளே விளக்குகளைப் பொருத்திய பின் வெண்காகிதம் ஒட்டுவர். கரிய மையினால் கோடிழுப்பர். உருகிய மெழுகைத் தடவுவர். கடைசியில் வண்ணம் பூசுவர். மெழுகு பட்ட இடத்தில் ஒளி நன்கு ஊடுருவும். ஒரு வண்ணம் மற்றொன்றில் கலவாமலும் அது தடுக்கும். இம்முறையில் நம் கைக்கு எட்டாதது ஒன்றுமில்லை.

நம் பெங்களூரின் இரவு வலங்கள்

இந்நகருக்கு இரவு ஊர்வலம் புதிதன்று. சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தை அறியாதவர் பெங்களூரில் இல்லை. அதனை நடத்துவோர் திகளர் எனப்படும் வன்னிகுல மரபினர்; தோட்டத் தொழிலில் வல்லவர். திகளர் என்பது கன்னட மக்கள் தமிழரைக் குறிக்க முன்னாளில் வழங்கிய சொல்லே ஆகும். தெற்கிலிருந்து வந்து குடியேறிய ஒரு கூட்டத்தாரின் விழா இன்று நகர் முழுமைக்கும் உரிய பெருவிழாவாக நிற்கிறது. கரகம் தன் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருகிறது. வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக் கொள்ளும் வழியை அம்மக்கள் நமக்கு முன்பே காட்டிவிட்டனர்.

அல்சூரில் சோமேசுவரர் தேர்த்திருவிழாவை ஒட்டிச் சுற்றுவட்டாரக் கோயில்களின் பூப்பல்லக்குகள் இரவில் வரிசையாய் வருவதையும் நம்மவர் பலர் கண்டிருப்பர். தீபாவளிக் காலத்தில் கன்னட இல்லங்களின் முகப்பில் ஆகாசபுட்டி என்னும் காகிதக் கூடு விளக்கு தொங்குகிறது. மூங்கிலும் காகிதமும் விளக்கும் சேர்ந்த இந்த வித்தை அண்டை வீட்டிலேயே இருக்கிறது.

ஆயினும் நம் சங்க விழாக்களில் நடப்பது என்ன? மேடை ஒப்பனையைக் குத்தகைக்கு விடுகிறோம். தெர்மாகோலில் வெட்டிய மயிலும் துணியில் அச்சடித்த கோபுரமும் காலையில் வந்து மாலையில் போகின்றன. குழந்தைகள் அதன் முன் நின்று படம் பிடித்துக் கொள்கின்றனர்; அவ்வளவோடு சரி.

இங்கே இழப்பது பணத்தை மட்டுமன்று. நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் கற்கின்றனர். வீட்டில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் வேண்டிய தமிழைப் பேசுகின்றனர். வேலைக்குரிய தமிழ் அவர்கள் செவியில் விழுவதே இல்லை. பிளாச்சு, சிம்பு, முட்டு, குறுக்குக் கட்டை, சுருக்கு முடிச்சு ஆகிய சொற்களை எந்தப் பாடப் புத்தகம் கற்றுத் தரும்? "அந்த முனையைச் சற்றுத் தளர்த்திப் பிடி, ஐயா" என்று தாத்தா சொல்லப் பேரன் பிடிக்கும் இடத்தில்தான் அச்சொற்கள் உயிர் வாழும். ஒரு பறவையைக் கட்டும் பத்து மாலைப் பொழுதுகளில் ஒரு பிள்ளை பெறும் தமிழை, ஓராண்டு வகுப்பும் தருவது அரிது.

கட்டும் முறை

கார்த்திகைத் தீப நாளையோ பொங்கல் விழாவையோ குறியாக வைத்துக் கொள்வோம். அலகு முதல் வால் வரை பன்னிரண்டு அடி நீளமும், சுமந்து செல்லும்போது தரையிலிருந்து பதினோரு அடி உயரமும் உள்ள அன்னம் போதும். இதனினும் பெரிதாக்க ஆசை எழும், அடக்க வேண்டும். எல்லா அளவையும் இரட்டித்தால் காகிதம் ஒட்டும் பரப்பு நான்கு மடங்காகும். காற்று தள்ளும் விசையும் அவ்வாறே பெருகும்.

எலும்பு: சிவாஜி நகரை அடுத்த பாம்பு பஜாரில் மூங்கில் கிடைக்கும். சுமக்கும் தண்டுகளுக்கு முழு மூங்கிலும், உடலுக்குப் பிளந்த மூங்கிலும் வேண்டும். பிளாச்சுகளை ஓரிரவு நீரில் ஊறவைத்தால் எளிதில் வளையும். அவற்றை வளையங்களாக்கி, பெரியதை நடுவிலும் சிறியவற்றை இரு முனையிலும் நிறுத்தி, நீண்ட சிம்புகளால் இணைத்தால் உடல் உருவாகிவிடும். கட்டுக் கம்பியின் முனை காகிதத்தையும் குழந்தைகளின் விரலையும் கிழிக்கும். ஆதலால் சணல் கயிறே ஏற்றது.

தோல்: பட்டம் கட்டும் மெல்லிய காகிதத்தை இரண்டடுக்காக ஒட்டலாம். மைதாப் பசையைக் காய்ச்சி ஆறவைத்துத் தடவுக. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம், அது நஞ்சு. குழந்தைகள் கை வைக்கும் பசையில் அதைச் சேர்த்தலாகாது. கழுத்தும் சிறகின் மூட்டும் அசையும் இடங்கள். அங்கே காகிதம் கிழியுமாதலின் மல் துணியை ஒட்ட வேண்டும். கார்த்திகையில் தூறல் விழக்கூடும். மெழுகுவர்த்தியைக் காகிதத்தின் மீது தேய்த்து வைத்தால் துளிகள் வழிந்தோடும், ஒளியும் பொலியும்.

ஒளி: சிவசமுத்திரத்துக் காவிரியிலிருந்து மின்சாரம் வந்து பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது 1905-ஆம் ஆண்டில். அதன் பின்னரும் நம் ஊர்வலங்கள் நெடுங்காலம் தீவட்டியையும் பெட்ரோமாக்ஸ் விளக்கையும் நம்பி நடந்தன. காகிதப் பறவைக்குள் தீ கூடாது. சூடேறும் குண்டு பல்பும் கூடாது. சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குச் சரம் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட்டில் எரியும் வகையைக் கேட்டு வாங்குக. வீட்டு மின்சாரத்தையோ ஜெனரேட்டரையோ இணைக்க வேண்டா. 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி அளவுள்ள சிறு பேட்டரி ஒன்றில் 84 வாட்-மணி ஆற்றல் அடங்கும். இருபது வாட்டு விளக்குகளுக்குக் கணக்குப்படி நான்கு மணி நேரம் வரும்; நடைமுறையில் மூன்று என்று கொள்வது நலம். பேட்டரியை அடுத்து ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். விளக்குகளை நடுவே ஒரே இடத்தில் குவிக்காமல், வளையங்களின் ஓரமாகப் பரப்பி வைத்தால் பறவை முழுதும் சீராக ஒளிரும்.

அசைவு: பறவை அசைந்தால்தான் பாவையாகும். கழுத்தின் வளையங்களுக்குள் இரண்டு கயிறுகள் சென்று தலையில் முடியட்டும். இடக்கயிற்றை இழுத்தால் தலை இடப்புறம் திரும்பும்; வலக்கயிற்றுக்கு வலப்புறம். சிறகுகளைப் பழைய டயர் டியூப் வாரினால் உடலோடு பிணைத்து, அடியில் ஒவ்வொரு கோல் கொடுத்து உயர்த்தித் தாழ்த்தலாம். தண்டு சுமக்க அறுவர், கழுத்துக்கு ஒருவர், சிறகுகளுக்கு இருவர் போதும். கோயில் வாகனத்தைச் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளைப் போலக் காலடி ஒன்றுபட நடந்தால், அன்னம் நீரில் மிதப்பதாகவே தோன்றும்.

உயரத்துக்கு ஓர் எல்லை

மகிழ்ச்சிக்குரிய இச்செய்தியின் நடுவே துயரமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் மின்விளக்கு அலங்காரத்தோடு வீதியுலா வந்தது. அதன் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. பதினொரு பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர்களும் உண்டு. பக்தியும் உழைப்பும் நிறைந்த ஓர் இரவு கண்ணிமைக்கும் நேரத்தில் சாவு வீடாயிற்று.

ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு இச்செய்தி வேறொன்றையும் நினைவூட்டியது. மின்சார வண்டி ஓடும் பாதைகளின் மேலே 25,000 வோல்ட்டுக் கம்பி செல்கிறது. அதற்கு இரண்டு மீட்டருக்குள் எவரும் எப்பொருளும் அணுகலாகாது என்பது விதி. அத்தகைய பாதையின் லெவல் கிராசிங்கில் சாலையின் இரு பக்கமும் குறுக்குச் சட்டம் பொருத்திய உயரத் தடுப்பு நிற்கக் காணலாம். அதன் அடியில் நுழையாத சுமை மேலே போகக் கூடாது. ஓட்டுநரின் கண் மதிப்பை அங்கே எவரும் நம்புவதில்லை.

அதே முறையை நாமும் கைக்கொள்வோம். புறப்படும் இடத்தில் இரண்டு மூங்கில்களை நாட்டிப் பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு குறுக்குக் கழி கட்டி வைப்போம். சிறகை முழுதும் உயர்த்திய நிலையில் அன்னம் அதன் அடியில் தடையின்றி நுழைந்து வர வேண்டும். நுழையாவிடில் புறப்பாடு இல்லை. தெருக்கம்பியின் உயரத்தை அறியக் கழியை உயர்த்திப் பார்க்கும் வேலை ஒருபோதும் வேண்டா. பெஸ்காம் ஊழியரைக் கேட்டறிக. சென்ற ஆண்டு சரியாக இருந்த தெருவில் இவ்வாண்டு புதுத் தார் போட்டுத் தரை உயர்ந்திருக்கலாம். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வழியைப் பகலில் நடந்து பார்த்தல் வேண்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே இசைவு பெறுதலும் இன்றியமையாதது. தாழ்ந்து கிடக்கும் கம்பிகள் மிகுந்த தெருவாயின், மைதானத்துக்குள்ளேயே வலம் வருவது சாலச் சிறந்தது.

கட்டிய கைகள்

பெரிய அன்னத்தைச் சங்கம் கட்டட்டும். நீலம்பேரூர்ப் புத்தன் அன்னத்தைப் போல ஒவ்வொரு குடும்பமும் இரண்டடி நீளத்தில் ஓர் அன்னக்குஞ்சைக் கட்டி எடுத்து வரட்டும். நான்கு பிளாச்சு, ஒரு முழம் நூல், இரண்டு தாள் காகிதம், ஒரு சிறு விளக்கு இருந்தால் அதற்குப் போதும். அண்டை வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் உருது பேசும் பிள்ளைகளையும் அழைத்து அருகே அமர்த்துங்கள். பசை தடவும் வேலைக்கு மொழி தடை ஆகாது. பத்து நாளில் நம் சொல் அவர்க்கும் அவர் சொல் நமக்கும் வந்து சேரும்.

விழா முடிந்த பின் அன்னத்தை அடுத்த ஆண்டுக்கென்று மூலையில் சாத்தி வைக்க வேண்டா. விளக்கையும் பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டு, மூங்கிலைப் பிரித்துக் காகிதத்தை எருவுக்கு அனுப்பலாம். ஒரு குறிப்பேட்டை மட்டும் பத்திரமாய் வைத்திருங்கள். வளையம் எத்தனை, ஒவ்வொன்றின் சுற்றளவு என்ன, எந்த முடிச்சு தளர்ந்தது, எந்த இடத்தில் காகிதம் கிழிந்தது, யார் எந்த வேலை செய்தார் என்பவை அதில் தமிழில் எழுதப்பட வேண்டும். எழுதுவோர் பிள்ளைகளாகவே இருக்கட்டும். கோசோகவாராவைக் காத்தது ஒரு தாள் என்பதை மறவாதீர்.

இவ்வாண்டு காகிதம் ஒட்டிய சிறுமி அடுத்த ஆண்டு வளையம் கட்டுவாள். அதற்கடுத்த ஆண்டு தன் தம்பிக்கு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுப்பாள். பெற்றோர் செய்ய வேண்டுவது, மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி அவளோடு தரையில் அமர்வதே. மூங்கிலும் காகிதமும் வாங்கும் செலவைச் சங்கம் ஏற்கும்படி கேட்போம். நாள் குறிக்கும் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வருக. வரும்போது வீட்டிலுள்ள முதியோரையும் தவறாது அழைத்து வருக. கயிறு முடியத் தெரிந்த கை பெரும்பாலும் அவர்களுடையதே.